வேலைக்கு வழி

பண்ணுருட்டியிலிருந்து வடலூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது காடாம்புலியூர். கடலூர் மாவட்டத்துச் செம்மண் நிலத்தில் இவ்வூரையும் இதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் வாழ்விக்கும் மரம் முந்திரி. அதற்குத் துணையாக நிற்பது பலா. பிரேசில் நாட்டில் தோன்றிய முந்திரியைப் பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இந்தியாவிற்குக் கொண்டுவந்தனர். கடல் கடந்து வந்த அம்மரம், வேறு பயிர் எளிதில் விளையாத மேட்டு நிலங்களில் வேரூன்றிப் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு அளிக்கும் மரமாயிற்று.

முந்திரி தை, மாசித் திங்கள்களில் பூக்கும்; பங்குனி முதல் வைகாசி வரை காய்க்கும். மரத்தடியில் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிக் கொட்டையைத் திருகி எடுத்தல் முதல் வேலை. கொட்டைகளை வெயிலில் உலர்த்துதல், வறுத்தல் அல்லது ஆவியில் வேகவைத்தல், ஓட்டை உடைத்தல், பருப்பைச் சூடேற்றி மேல்தோலை உரித்தல், முழுப்பருப்பையும் உடைந்த பருப்பையும் தரம் பிரித்தல் என வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும். ஓட்டினுள் இருக்கும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும் தன்மையது. ஆதலால் கொட்டை உடைக்கும் பெண்கள் கைகளில் சாம்பலையோ எண்ணெயையோ பூசிக்கொண்டு வேலை செய்வர். விருந்தினர் தட்டில் வெண்மையாக விளங்கும் ஒரு பருப்பின் பின்னே இத்தனை கைகளின் உழைப்பு மறைந்துள்ளது.

2011ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30ஆம் நாள் விடியற்காலையில், 'தானே' எனப் பெயரிடப்பட்ட புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. பொழுது புலர்ந்தபோது பண்ணுருட்டி வட்டாரத்துத் தோப்புகள் உருக்குலைந்து கிடந்தன. பாட்டன் காலத்தில் நட்ட பலாவும், தந்தை காலத்தில் நட்ட முந்திரியும் வேரோடு சாய்ந்தன. காய்ப்புப் பருவம் தொடங்குவதற்குச் சில வாரங்களே இருந்த வேளையில், அவ்வாண்டின் விளைவும் இனி வரும் ஆண்டுகளின் விளைவும் ஓரிரவில் அழிந்தன.

தோப்புக்கு உரியவர்களின் இழப்பைக் கணக்கிடலாம். எத்தனை மரங்கள் விழுந்தன என்று எண்ணலாம். எண்ணிக்கைக்கு ஏற்ப ஈட்டுத்தொகை கோரலாம். ஆனால் அந்தத் தோப்பில் கொட்டை பொறுக்கியவர், மூட்டை சுமந்தவர், கொட்டை உடைத்தவர் ஆகியோர் இழந்ததை எவ்வாறு எண்ணுவது? அவர்களுடைய பெயரில் மரமில்லை, நிலமுமில்லை. அவர்கள் இழந்தது வேலை. விருத்தாசலத்திலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய உயர்ந்த வகை ஒட்டுக்கன்றை நட்டாலும், அது காய்க்கத் தொடங்க மூன்று ஆண்டுகள் வேண்டும். நிறைந்த பலன் தர மேலும் சில ஆண்டுகள் செல்லும். அதுவரையில் அந்தக் கைகள் என்ன செய்யும்?

இவ்வினா காடாம்புலியூர்ப் பகுதிக்கு மட்டும் உரியதன்று. ஆலை மூடப்பட்ட நகருக்கும், மழை பொய்த்த சிற்றூருக்கும், படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் இளைஞனுக்கும் உரிய வினாவே ஆகும்.

காடாம்புலியூரைக் கடந்து அந்நெடுஞ்சாலையில் மேலும் சென்றால் வடலூர் வரும். அங்கே இராமலிங்க அடிகள் 1867ஆம் ஆண்டில் சத்திய தருமச்சாலையை நிறுவினார். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் காக்கப்பட்டு, நாள்தோறும் பசித்தவர்க்கு உணவு வழங்கப்பட்டு வருகிறது. பசித்தவர்க்கு முதலில் வேண்டுவது சோறே. பசியோடு இருப்பவரிடம் பயிற்சியைப் பற்றியும் முயற்சியைப் பற்றியும் பேசுவது பொருந்தாது. எனினும், உண்டு பசி நீங்கியவர் மறுநாள் தம் உணவைத் தாமே ஈட்ட விரும்புவது இயல்பு. அவ்விருப்பம் நிறைவேற வழி காட்டுதலும் பசி நீக்கும் அறத்தின் தொடர்ச்சியே ஆகும்.

வேலையில்லாதவரைக் கண்டவுடன், "உழைக்க மனமில்லாதவர்" என்று சிலர் எளிதாகக் கூறிவிடுவர். இக்கூற்று உண்மையா என்பதை ஐரோப்பாவில் நடைபெற்ற ஓர் ஆராய்ச்சி விளக்குகிறது. ஆஸ்திரியா நாட்டின் தலைநகரான வியன்னாவிற்கு அருகே மரியந்தால் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரார் ஏறத்தாழ அனைவரும் ஒரே நெசவாலையை நம்பி வாழ்ந்தனர். உலகப் பொருளாதாரம் வீழ்ச்சியுற்ற காலத்தில், 1929-30இல், அந்த ஆலை மூடப்பட்டது. அதன்பின் மேரி யகோடா, பால் லாசர்ஸ்பெல்டு, ஹான்ஸ் சைசல் ஆகியோரைக் கொண்ட அறிஞர் குழு அவ்வூருக்குச் சென்று மக்களின் வாழ்க்கையை ஆராய்ந்து, 1933ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டது.

வேலையில்லாதவர்க்கு ஓய்வு மிகுதி. ஆதலால் அவர்கள் நிறையப் படிப்பர், கூடிப் பேசுவர், பொதுப்பணி செய்வர் என்று எதிர்பார்க்கத் தோன்றும். மரியந்தாலில் நிகழ்ந்தது இதற்கு மாறானது. நூல் நிலையத்தில் கட்டணம் நீக்கப்பட்ட பின்னும், மக்கள் எடுத்துச் சென்ற நூல்களின் எண்ணிக்கை குறைந்தது. தெருவில் சென்ற ஆடவரின் நடை தளர்ந்தது. அவர்கள் காரணமின்றி இடையிடையே நின்றனர். காலை முதல் மாலை வரை என்ன செய்தீர் என்று கேட்டால், பலரால் விடை கூற இயலவில்லை. வீட்டு வேலை குறையாத பெண்கள் மட்டுமே விரைந்து நடந்தனர். வேலை கூலியை மட்டும் தருவதன்று. நாளுக்கு ஓர் ஒழுங்கையும், பிறரோடு உறவையும், தம்மீது நம்பிக்கையையும் அது தருகிறது என்பதை அவ்வாராய்ச்சி உணர்த்தியது. வேலையற்றவரிடம் காணப்படும் சோர்வு பெரும்பாலும் வேலையின்மையின் விளைவேயன்றி, அதன் காரணம் அன்று.

அவ்வாறாயின் காரணம் யாது? வேலையே இல்லாமை ஒரு காரணம். வேலை இருந்தும் அதனை அடைய முடியாமல் இடையே நிற்கும் தடைகள் மற்றொரு காரணம். இத்தடைகள் தொலைவிலிருந்து நோக்குவார்க்கு எளிதில் புலப்படுவதில்லை.

வேலை ஓரிடத்தில் இருக்கும்; செய்தி உரியவரை எட்டாது. இது முதல் தடை. செய்தி எட்டினாலும், பணியிடம் தொலைவில் இருக்கும். காலையில் சென்று மாலையில் திரும்பப் பேருந்து இராது. பேருந்து இருந்தாலும், கைக்குழந்தையை யாரிடம் விட்டுச் செல்வது என்று தாய் கலங்குவாள். சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறொரு பெயரும் இருத்தலால் விண்ணப்பம் தள்ளப்படும். தொழிலில் கைத்திறன் இருக்கும். கருவி வாங்கப் பணம் இராது. உடற்குறை உடையவர்க்கு அறிவும் திறமையும் இருக்கும். பணியிடத்தின் படிக்கட்டு அவரைத் தடுத்துவிடும். பலமுறை முயன்று தோற்றவர்க்கு, மீண்டும் ஒருமுறை சென்று கேட்க மனம் துணியாது. மரியந்தாலில் கண்டவாறு, எல்லாத் தடைகளிலும் கடியது இதுவே.

இத்தடைகளைத் தனித்தனியே நோக்கினால் ஒவ்வொன்றும் சிறியது. ஆயினும் வண்டியின் அச்சாணி சிறியதே. அது கழன்றால் வண்டி ஓடாது. அச்சாணி கழன்றதை அறிபவர் வண்டியின் அருகில் இருப்பவரே. வேலையற்றவர்க்குச் செய்யும் உதவி அவரவர் ஊரிலேயே கிடைக்கவேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

செய்தி எட்டாமை என்னும் முதல் தடையை நீக்கத் தோன்றியது வேலைவாய்ப்பு அலுவலகம். இங்கிலாந்தில் 1909ஆம் ஆண்டில் இதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டு, 1910ஆம் ஆண்டு பிப்ரவரியில் அலுவலகங்கள் திறக்கப்பட்டன. வேலை தேடுவோர் ஆலை வாயில்தோறும் அலைந்து திரிவதற்கு மாறாக, வேலை கொடுப்போரும் தேடுவோரும் ஓரிடத்தில் பதிவு செய்துகொள்வதே அதன் முறை. இந்தியாவில் 1945ஆம் ஆண்டில், இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்க்கு வேலை தேடித் தருவதற்காக இவ்வலுவலகங்கள் தொடங்கப்பட்டன. நாட்டுப் பிரிவினையால் வீடிழந்து வந்தவர்க்கும் அவை உதவின. 1948ஆம் ஆண்டில் பொதுமக்கள் அனைவர்க்கும் அவற்றின் கதவு திறக்கப்பட்டது. 1956ஆம் ஆண்டு நவம்பரில் அவற்றின் அன்றாட நிர்வாகம் மாநில அரசுகளிடம் ஒப்படைக்கப்பட்டது. காலியிடங்களைக் கட்டாயம் அறிவிக்கவேண்டும் என்னும் சட்டம் 1959ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது.

தமிழ்நாட்டில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் பதிவு செய்வதோடு நின்றுவிடவில்லை. தன்னார்வப் பயிலும் வட்டங்களை அமைத்துப் போட்டித் தேர்வுகளுக்குக் கட்டணமின்றிப் பயிற்சியும் அளித்தன. நகரத்துத் தனிப் பயிற்சி நிலையங்களுக்குப் பணம் செலுத்த இயலாத இளைஞர் பலர்க்கு இவ்வட்டங்கள் துணையாயின. ஆயினும் பதிவேட்டில் பெயர் இருப்பது வேலை கிடைத்துவிட்டது என்று பொருளாகாது. பதிவேடு ஒருவரின் படிப்பை அறியும். அவர் வீட்டுக் குழந்தையை அறியாது. அவர் ஊருக்குப் பேருந்து இல்லை என்பதையும் அறியாது.

அத்தடைகளையும் கருதி இயற்றப்பட்டது 2005ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம். மராட்டிய மாநிலம் 1970களில் வறட்சிக் காலத்தில் தொடங்கி நடத்திய வேலை உறுதித் திட்டம் இதற்கு முன்னோடி ஆகும். இச்சட்டம் 2006ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் முதற்கட்டமாக 200 மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களுள் கடலூரும் ஒன்று. 2009ஆம் ஆண்டில் காந்தியடிகளின் பெயர் இத்திட்டத்திற்குச் சூட்டப்பட்டது. மக்கள் இதனை 'நூறு நாள் வேலை' என்றே வழங்கினர்.

ஊரக மக்களுள் உடலுழைப்பு வேலை கேட்கும் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 100 நாள் வேலை தரப்படும் என்று அச்சட்டம் உறுதி கூறியது. அதன் விதிகளை ஊன்றி நோக்கினால், ஒவ்வொரு விதியும் ஒரு தடைக்கு விடையாக அமைந்திருத்தல் புலனாகும். வேலை எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் காத்திருப்பது துன்பம். ஆதலால் விண்ணப்பித்த 15 நாள்களுக்குள் வேலை தரவேண்டும், தராவிடில் உதவித்தொகை அளிக்கவேண்டும் என்றது சட்டம். தொலைவு தடையாகும், ஆதலால் 5 கிலோமீட்டருக்குள் வேலை தரவேண்டும், அதற்கு அப்பால் தந்தால் கூலியில் பத்தில் ஒரு பங்கு மிகுதியாக அளிக்கவேண்டும் என்றது. குழந்தைப் பராமரிப்பு தாய்க்குத் தடையாகும். ஆதலால் பணியிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ இருப்பின், அவர்களைப் பார்த்துக்கொள்ளப் பெண் ஒருவரை அமர்த்தி, அவருக்கும் கூலி தரவேண்டும் என்றது. இடைத்தரகர் கூலியைக் குறைப்பர். ஆதலால் ஒப்பந்தக்காரர் கூடாது என்றது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றும், வேலை பெறுவோருள் மூன்றில் ஒரு பங்கினரேனும் பெண்களாக இருக்கவேண்டும் என்றும் விதித்தது.

எந்த ஏரியைத் தூர் வாருவது, எந்த வாய்க்காலைச் செப்பனிடுவது என்பனவற்றை ஊர் மக்கள் கூடும் கிராம சபையில் பேசி முடிவு செய்யவும் அச்சட்டம் வழி வகுத்தது. தமிழ்நாட்டில் இவ்வேலைக்கு வந்தவருள் பெரும்பான்மையோர் பெண்களே. பணி தன் ஊரிலேயே இருந்ததும், கூலி தன் பெயரிலேயே வந்ததும் அதற்குக் காரணங்கள் ஆகும். கூலி காலந்தாழ்ந்து வந்தது என்னும் குறையும், 100 நாளும் முழுமையாகக் கிடைக்கவில்லை என்னும் குறையும் பல இடங்களில் எழுந்தன. 2025ஆம் ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் அச்சட்டத்திற்கு மாற்றாக வேறொரு சட்டத்தை நிறைவேற்றி, வேலை நாள்களை 125 என வகுத்தது.

மண் வெட்டும் வேலை இன்றைய கூலியைத் தரும். நாளைய தொழிலைத் தருவது பயிற்சி. கருநாடக மாநிலத்தில் உஜிரே என்னும் ஊரில் 1982ஆம் ஆண்டில், தருமத்தலத்து அறநிலையமும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து ஒரு பயிற்சி நிலையத்தைத் தொடங்கின. சிற்றூர் இளைஞர்க்கு அங்கே கட்டணமின்றி உணவும் உறைவிடமும் அளித்துச் சில வாரங்களில் ஒரு தொழிலைக் கற்பித்தனர். அதன் சிறப்பு கற்பித்தலோடு முடிவதன்று. பயிற்சி பெற்றவர் ஊர் திரும்பியபின் தொழில் தொடங்கினாரா, வங்கிக் கடன் கிடைத்ததா, இடையில் என்ன இடர் நேர்ந்தது என்று தொடர்ந்து கேட்டறிந்து உதவினர். அம்முறையை மாதிரியாகக் கொண்டு, பின்னர் நாடெங்கும் மாவட்டந்தோறும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் வங்கிகளால் அமைக்கப்பட்டன.

கருவி வாங்கப் பணமின்மை என்னும் தடையை நீக்கியவை மகளிர் சுய உதவிக் குழுக்கள். தமிழ்நாட்டில் இவை 1989ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிப் பிற மாவட்டங்களுக்கும் பரவின. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து சிறுதொகை சேமிப்பர். சேர்ந்த தொகையிலிருந்து தமக்குள் கடன் கொடுத்துக்கொள்வர். ஒழுங்காகக் கணக்கு எழுதினால் வங்கியும் கடன் தரும். அடகு வைக்க நகையும் நிலமும் இல்லாத பெண்ணுக்கு அவள் அண்டை வீட்டாரின் நம்பிக்கையே ஈடாகிறது. பிறரிடம் கொட்டை உடைத்துக் கூலி பெறும் பெண்கள் சிலர் சேர்ந்து, தாமே கொட்டை வாங்கி உடைத்துப் பருப்பாக விற்க விரும்பினால், அதற்கு வேண்டும் முதலைத் திரட்ட இஃது ஒரு வழியாகும்.

மேற்கூறிய முயற்சிகள் அனைத்திலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. சட்டம் தலைநகரில் இயற்றப்படலாம். பணம் கருவூலத்திலிருந்து வரலாம். ஆயினும் அவை பயன் தருவது ஊரிலுள்ள ஒருவர் அருகே நின்று உதவும்போதுதான். திட்டம் இருப்பதை அறியாதவர்க்குத் திட்டத்தால் பயனில்லை. விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாதவர்க்கு விண்ணப்பமே ஒரு தடையாகும்.

மரியந்தாலின் பிற்கால வரலாறு இதனை மேலும் தெளிவாக்குகிறது. அப்பகுதி இன்று கிராமட்நாய்சீடல் என்னும் ஊராட்சிக்கு உட்பட்டது. 2020ஆம் ஆண்டு அக்டோபரில், அந்நாட்டு வேலைவாய்ப்புத் துறை அங்கே ஒரு புதிய முயற்சியைத் தொடங்கியது. ஓராண்டுக்கு மேல் வேலையின்றி இருந்த ஊரார் அனைவர்க்கும் வேலை உறுதி செய்யப்பட்டது. வேலையில் சேருமுன் எட்டு வாரம் பயிற்சியும் அறிவுரையும் அளிக்கப்பட்டன. ஒவ்வொருவருடைய தடை யாது என்று தனித்தனியே கேட்டறியப்பட்டது. சிலர் பிற நிறுவனங்களில் வேலை பெற்றனர். சிலர் ஊரின் பொதுவிடங்களைப் பேணினர். சிலர் பழைய மரச்சாமான்களைச் செப்பனிட்டனர். அவர்களுடைய வருவாயோடு மனநிறைவும், நாளின் ஒழுங்கும், பிறரோடு பழகும் உறவும் மேம்பட்டமையை ஆராய்ச்சியாளர் கண்டனர். ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன்னர் வேலையின்மையின் துயரத்தை உலகிற்கு உணர்த்திய ஊரே, அதனை நீக்கும் வழியையும் காட்டியது.

இத்தகைய உதவியைச் செய்யப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. நூலகத்தில் வரும் வேலை அறிவிப்பை ஊர்ச் சாவடியில் எழுதி வைத்தல், படிக்கத் தெரியாத முதியவர்க்கு விண்ணப்பத்தைப் படித்துக் காட்டி அவர் கூறுவதைப் பிழையின்றி எழுதித் தருதல், சான்றிதழிலுள்ள பெயர்ப் பிழையைத் திருத்தும் வழியை விசாரித்துச் சொல்லுதல், அண்டை வீட்டுப் பெண் பயிற்சிக்குச் செல்லும் நாள்களில் அவள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளுதல் ஆகியன பள்ளி மாணவர் உள்ளிட்ட எவரும் செய்யத்தக்க பணிகளே. கிராம சபை கூடும் நாளில் ஊருக்கு வேண்டும் வேலை எது என்று எடுத்துரைத்தல் பெரியோர் கடமை.

புயலுக்குப்பின் காடாம்புலியூர்ப் பகுதியில் மீண்டும் முந்திரிக் கன்றுகள் நடப்பட்டன. நட்ட கன்றுக்கு முதல் கோடையில் ஊரார் குடத்தில் நீர் சுமந்து ஊற்றவேண்டும். ஆடு மேயாமல் முள்வேலி இடவேண்டும். காற்றில் சாயாமல் கொம்பு நட்டுக் கட்டவேண்டும். வேர் ஊன்றிவிட்டால், அது தன் நீரைத் தானே தேடிக்கொள்ளும்; பின்னர்ப் பல ஆண்டுகள் ஊருக்கே பயன் தரும். வேலையிழந்து சாய்ந்து நிற்கும் மனிதர்க்கும் வேண்டுவது இவ்வளவே. தக்க காலத்தில், அருகிலுள்ளவர் தரும் சிறு துணையே அவர் மீண்டும் வேரூன்றப் போதுமானது.